மோட்டார்ஹோமில் விலை குறைந்த டீசல் ஹீட்டர்: 2 கிலோவாட்டா, 5 கிலோவாட்டா? எங்கே மாட்டுவது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. 6 மீட்டர் நீள வேன் ஒன்றை நானே மோட்டார்ஹோமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். சுவர், கூரை எல்லாம் 25 மி.மீ. ஃபோம் ஒட்டியாயிற்று. குளிருக்கு ஒரு சீன டீசல் ஹீட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன், வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் மாதிரி பெரிய பிராண்டுகள் எல்லாம் என் கைக்கு எட்டாது. 2 கிலோவாட்டுக்கும் 5 கிலோவாட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமே இல்லை, அதனால் பெரியதையே வாங்கிவிடலாமா? டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது. கூடவே வரும் பிளாஸ்டிக் டீசல் டேங்கையும் உள்ளேயே ஒரு மூலையில் வைத்துவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றுகிறது. இரண்டு குழந்தைகளும் உள்ளேதான் தூங்குவார்கள், புகையை நினைத்தால் பயமாகவே இருக்கிறது. மாட்டியவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

2 கிலோவாட் வாங்குங்கள். ஃபோம் ஒட்டிய 6 மீட்டர் வேனுக்கு அதுவே பெரும்பாலும் போதும். பெரியதை வாங்கினால் பத்து நிமிடத்தில் உள்ளே புழுங்கும், நீங்கள் குறைத்து வைப்பீர்கள், அப்புறம் அது ராத்திரி முழுக்க மிகக் குறைந்த வேகத்திலேயே எரியும், அதுதான் இந்த ஹீட்டர்களுக்கு ஆகவே ஆகாது. குறைந்த வேகத்தில் சூடு போதாமல் டீசல் முழுதாக எரியாது, கரி படியும். என்னுடையது 5 கிலோவாட். முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஒருநாள் பற்றவே மாட்டேன் என்றது. டீசலைப் பற்றவைக்கச் சூடாகும் குளோ பிளக்கைக் கழற்றி, அதைச் சுற்றியிருக்கும் விரல் நுனி அளவுக் கம்பி வலையை மெல்ல உருவி எடுத்தேன், ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை, மை பூசியதுபோல அடைந்திருந்தது. புது வலை போட்டதும் பற்றிக்கொண்டது. இப்போது அணைப்பதற்கு முன் இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட விடுகிறேன், அதற்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

8 கிலோவாட் என்று விற்பதில் பெரும்பாலானவை அதே 5 கிலோவாட் உடம்புதான், அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பதில் 2

அளவை விடுங்கள், எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறும் குழாய்தான் முக்கியம். குழந்தைகள் தூங்கும் இடம் என்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹீட்டரின் அடியில் மூன்று குழாய்கள் இருக்கும்: எக்ஸாஸ்ட், எரிவதற்கான காற்று உள்ளே போவது, டீசல் வருவது. மூன்றும் தரையைத் துளைத்து நேராக வண்டிக்கு வெளியே போக வேண்டும். எக்ஸாஸ்ட் பைப்பில் ஒரு இணைப்புகூட வண்டிக்குள் இருக்கக்கூடாது. ஹீட்டருக்கும் அதைத் தரையில் மாட்டும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே வருகிற கேஸ்கெட்டை (கசிவைத் தடுக்கும் பட்டை) விட்டுவிடாதீர்கள், தகட்டின் விளிம்பைச் சுற்றித் தரையோடு சீலன்ட் அடியுங்கள். கூட வரும் சைலன்சரின் மடிப்பிலேயே புகை கசியும், அதனால் அதுவும் தரைக்கு அடியில்தான். பைப்பின் வாய் ஜன்னல், கதவு, காற்று இழுக்கும் குழாய் எதன் பக்கமும் பார்க்கக்கூடாது. பைப் முழுக்கக் கீழ்நோக்கிச் சரிந்திருக்கட்டும், தாழ்ந்த இடம் ஒன்று தவிர்க்க முடியாமல் வந்தால் அங்கே சின்னத் துளை போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் தேங்கி அடைத்துக்கொள்ளும்.

என் வண்டியில் ஹீட்டரை முதலில் ஒரு பட்டறையில்தான் மாட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவது ராத்திரி கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. எல்லாரையும் எழுப்பி வெளியே நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், எக்ஸாஸ்ட் கிளாம்ப்பை இறுக்கவே இல்லை, அதற்கு மேலேயே தரையில் ஒயருக்காகப் போட்ட துளையை அடைக்கவும் இல்லை. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, அலாரம் இல்லையென்றால் நாங்கள் தூக்கத்திலேயே போயிருப்போம். தலைமாட்டு உயரத்தில் ஒரு அலாரம் மாட்டாமல் இந்த ஹீட்டரைப் பற்றவைக்காதீர்கள், தயவுசெய்து.

டேங்க் உள்ளே வேண்டவே வேண்டாம். நாற்றம் போகாது, ஒருமுறை சிந்தினால் தரை முழுக்க ஊறிவிடும். வண்டியின் டீசல் டேங்கிலிருந்தே எடுங்கள். உறிஞ்சும் குழாயை அடிவரை விடாமல் கொஞ்சம் மேலேயே நிறுத்தினால், ஹீட்டர் எவ்வளவு குடித்தாலும் வண்டி ஓட்ட டீசல் மிஞ்சும்.

பதில் 3

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் கரன்ட் பக்கம் மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் "ஹீட்டர் கெட்டுவிட்டது" என்று வருகிறவற்றில் நான் பார்த்த பாதி ஒயர் கோளாறு. பற்றும்போது குளோ பிளக் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர் ஒயர், 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும், ஹீட்டர் வோல்டேஜ் குறைவு என்று எரர் காட்டி நின்றுவிடும். 4 சதுர மி.மீ. போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். பற்றிய பிறகு ஒன்றிரண்டு ஆம்பியர்தான், ராத்திரியைச் சமாளிக்கலாம். ஃபியூஸ் பேட்டரி பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, அணைக்கும்போது கன்ட்ரோலரில்தான் அணைக்க வேண்டும். ஃபேன் சில நிமிடம் ஓடி உள்ளே குளிர வைத்த பிறகுதான் நிற்கும். மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைத்தால் அந்தச் சூடு உள்ளேயே நின்று பாகங்களைக் கெடுக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. 2 கிலோவாட் சொல்லிவிட்டேன், டேங்க் வெளியேதான். அலாரம் ஏற்கனவே வாங்கியாயிற்று. டேங்கிலிருந்து ஹீட்டருக்கு டீசல் தள்ளும் பம்ப் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்குமாமே, குழந்தைகள் எழுந்துவிடுவார்களா?

பதில் 1

பம்பை வண்டியின் இரும்பில் நேராக முடுக்காமல் ரப்பர் பிடியில் தொங்கவிடுங்கள், சத்தம் பாதிக்கு மேல் அடங்கும். டேங்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், டீசல் வெளியேறும் முனை மேல்நோக்கி 15 முதல் 35 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், படுக்கையாக வைத்தால் காற்றுக்குமிழி தங்கி ஹீட்டர் விட்டு விட்டு எரியும். முதல் தடவை பற்றவைக்கும்போது குழாய் முழுக்கக் காற்றுதான் இருக்கும், இரண்டு மூன்று தடவை பற்றாமல் நிற்கலாம், பற்றும்போது வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். பகலில், கதவைத் திறந்து வைத்து, குழந்தைகள் வெளியே இருக்கும்போது செய்யுங்கள்.