அரசின் கஜானாவான திறைசேரி காசு கேட்டபோது மத்திய வங்கி ஏன் மறுக்கவில்லை?

செம்பியன்:
2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. மத்திய வங்கியில் படித்த அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. பிறகும் காசு அச்சடித்துக்கொண்டே போனது எப்படி? 2023இல் வந்த புது மத்திய வங்கிச் சட்டம் அதைத் தடுக்குமா?

குறிஞ்சி:
ஆட்களின் படிப்பு இங்கே உதவாது, அமைப்பே அப்படி. பழைய 1949 சட்டப்படி, மத்திய வங்கியை நடத்திய ஐந்து பேர் கொண்ட நாணயச் சபையில் திறைசேரிச் செயலாளரும் ஒருவர். கடன் கேட்பவரே கொடுப்பவரின் மேசையிலும் இருந்தார்.

புதன்கிழமைதோறும் 91, 182, 364 நாள் திறைசேரி உண்டியல் (அரசு குறுகிய காலக் கடனுக்காக விற்கும் பத்திரம்) ஏலம் நடக்கும். 2021 செப்டெம்பர் வரை வட்டிக்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அந்த வட்டிக்கு வங்கிகள் போதிய அளவு வாங்க முன்வரவில்லை. விலைபோகாத மிச்சத்தை மத்திய வங்கியே எடுத்தது. அப்படி எடுத்த ஒவ்வொன்றும் புது ரூபாய். 2019 இறுதியில் அதன் கையிலிருந்த அரசுப் பத்திரங்கள் ஏறத்தாழ 75 பில்லியன் ரூபாய், 2021 இறுதியில் 1.4 ட்ரில்லியன்! அந்த ரூபாய் இறக்குமதிக்கு டொலர் தேடிப் போனது. டொலரையோ 200 ரூபாய்ச் சொச்சத்தில் கட்டிவைத்திருந்தார்கள். டொலர் கையிருப்பு கரையாமல் என்ன செய்யும்?

மாறன்:
அச்சடிப்பு பாதிக் கதைதான். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை (VAT) 15 வீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். அடுத்த மாதமே, அந்த வரிக்கு வியாபாரிகள் பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியனுக்குப் போனது. நடைமுறை முதலில், சட்டத்திருத்தம் பிறகு. நாடாளுமன்றத்தைக் கேட்காமலே வரியை வெட்ட முடிந்ததுதான் பெரிய கோளாறு. வீதத்தை ஒரே நாளில் திரும்ப ஏற்றலாம்; பதிவை விட்டுப் போன வியாபாரியை மீண்டும் உள்ளே கொண்டுவர வருடக்கணக்காகும்.

குறிஞ்சி:
மாறன் சொல்வது சரி. இனி புதுச் சட்டம். 2023இன் 16ஆம் இலக்கச் சட்டம் ஏலத்தில் மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. திறைசேரிச் செயலாளர் வங்கியை நடத்தும் புது ஆளுகைச் சபையில் இல்லை. பணவீக்க இலக்கு தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினால் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டும்.

எனக்குக் கவலை வேறிடத்தில். இரண்டாம்நிலைச் சந்தையில், அதாவது ஏலத்தில் வாங்கியவர்களிடமிருந்து, மத்திய வங்கி இன்னும் வாங்கலாம். சபை உறுப்பினர்களை முன்மொழிவதும் நிதியமைச்சர்தான். உயர்பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையின் அனுமதி ஒன்றே காவல். அந்தப் பேரவை தளர்ந்தால் மிச்சமெல்லாம் தளரும்.

நீங்களே கண்காணிக்கலாம், செம்பியன். புதன் ஏல முடிவில் விற்பனைக்கு விடுத்த தொகையையும் ஏற்ற தொகையையும் ஒப்பிடுங்கள். பெரிய இடைவெளி விழுந்தால், மத்திய வங்கி வெளியிடும் வாராந்தப் பொருளாதாரச் சுட்டிகளில் அதன் வசமுள்ள அரசுப் பத்திரத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.