நாலடி மரைன் டேங்க்ல பேம்பூ ஷார்க் குட்டி வளர்க்கலாமா?

உவர்நீர்_அண்ணாநகர்:

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா வீட்ல மரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி, வச்சிருக்கேன், நாலடி நீளம் ஒன்றரையடி அகலம், சம்ப்போட (கீழ இருக்கிற ஃபில்டர் தொட்டி) சேத்தா நானூறு லிட்டர் கிட்ட வரும். ஒரு ஜோடி க்ளவுன், ரெண்டு டாம்செல், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ்னு கொஞ்சம் மீனு, கூட கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மெதுவான பவளம்), இதுவரைக்கும் பெரிசா எதுவும் செத்ததில்ல. போன ஞாயித்துக்கிழமை டேங்க்குக்கு உப்பு வாங்க கொளத்தூர் மீன் கடைங்க பக்கம் போயிருந்தேன், ஒரு கடைல பேம்பூ ஷார்க்குங்கிற சுறா வகைல குட்டி ஒண்ணு இருந்துச்சு. ஒரு சாண்கூட இருக்காது, உடம்பு பூரா வெள்ளையும் கருப்புமா பட்டை, நீந்தக்கூட இல்ல, முன் துடுப்ப ஊணி ஊணி கல்லுக்கு நடுவுல நடந்து போற மாதிரி போகுது. என் பொண்ணு ஆறாவது படிக்கிறா, அந்தக் கண்ணாடிய விட்டு அரை மணி நேரம் நகரவே இல்ல.

பக்கத்துலயே அதோட முட்டை ஒண்ணும் தொங்க விட்டிருந்தாங்க, தோல் பை மாதிரி. கடைக்காரர் பின்னாடி டார்ச் அடிச்சு காட்டுனாரு, உள்ள மஞ்சக்கருவ ஒட்டிக்கிட்டு குட்டி வால ஆட்டிட்டே இருக்கு. எனக்கே புல்லரிச்சிருச்சு. "டேங்க் எவ்ளோ பெரிசோ அவ்ளோதான் வளரும் சார், நாலடி தாராளம்"னு சொல்றாரு. ரெண்டு நாளா வீட்ல இதே பேச்சுதான். வளத்தவங்க, விவரம் தெரிஞ்சவங்க உண்மைய சொல்லுங்க. நாலடி பத்துமா? பத்தலன்னா எவ்ளோ வேணும்? முட்டை வாங்கி பொரிக்க வைக்கிறது நல்லதா, குட்டியா வாங்குறது நல்லதா?

பம்ப்ரூம்:

தம்பி, வளைகுடா நாட்டுல ஒரு பெரிய பப்ளிக் அக்வேரியத்துல ஃபில்டர் செக்‌ஷன்ல ஒன்பது வருஷமா இருக்கேன், அங்க இந்த வகை சுறா தினமும் என் கண் முன்னாடிதான். நீங்க பாத்தது பட்டை வச்சு பாத்தா பிரவுன் பேண்டட்ங்கிற வகை, அறிவியல் பேரு கைலோசில்லியம் பங்க்டேட்டம். அந்தப் பட்டையெல்லாம் குட்டிப் பருவத்துக்கு மட்டும்தான், வளர வளர மங்கிப்போய் மொத்தமா பழுப்பாயிடும். அதோட ஒரு மீட்டர் வரைக்கும் வரும். டேங்க் அளவுக்குதான் வளரும்ங்கிறது எந்த மீனுக்கும் உண்மையில்ல, சின்ன டேங்க்ல வளர்ச்சி நின்னுச்சுன்னா அது நோய்னு அர்த்தம். உங்க டேங்க் அகலம் ஒன்றரையடி, மூணடி சுறா அதுல திரும்புறதுக்கு உடம்ப மடக்கணும். ஒவ்வொரு தடவையும் மூக்கு கண்ணாடில உரசும், உரசி உரசி புண்ணாகும்.

ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க, அக்வேரியத்துல வளர்க்கறதுக்கு சுறா இனத்துலயே ரொம்ப ஒத்து வர்றதுல இதுவும் ஒண்ணு. நிறைய சுறாங்களுக்கு நீந்திக்கிட்டே இருந்தாதான் செவுள்ல தண்ணி போகும், நின்னா மூச்சு திணறும். இது தரைல படுத்துக்கிட்டே வாயால தண்ணிய இழுத்து செவுள் வழியா தள்ளிக்கும், பகல் பூரா பாறை இடுக்குல படுத்துட்டு ராத்திரிதான் இரை தேடி வெளிய வரும். கலிஃபோர்னியால மான்டரே பே அக்வேரியம் 2004ல ஒரு வெள்ளைச் சுறா குட்டிய பத்து லட்சம் கேலன் டேங்க்ல வச்சு பாத்தாங்க, 198 நாள் இருந்துச்சு, அப்புறம் கடல்லயே விட்டுட்டாங்க. அது மாதிரி இனத்தோட ஒப்பிட்டா பேம்பூ ஷார்க் சாதுவான ஜீவன். ஆனா சாதுன்னா சின்ன இடம் போதும்னு அர்த்தமில்ல, தப்பே இங்கதான் நடக்குது.

எவ்ளோ வேணும்னு கேட்டீங்க. லிட்டர் கணக்க விடுங்க, தரை அளவுதான் முக்கியம், இது மேல நீந்துற மீனே இல்ல. என் கணக்குல ஒரு பெரிய சுறாவுக்கு எட்டடிக்கு நாலடி தரை இருக்கணும், அதுவும் கம்மிதான். ரெண்டடி உயரம் தண்ணி நிரப்புனாலே 1800 லிட்டர், உப்புத்தண்ணிங்கறதால வெயிட் அதுக்கு மேல, டேங்க் கண்ணாடி ஸ்டாண்ட் எல்லாம் தனி. வீட்டுத் தளம் பொதுவா சதுர மீட்டருக்கு 200 கிலோன்னு கணக்கு வச்சு போடுறது, இது தண்ணி மட்டுமே 600ஐ தாண்டும். அபார்ட்மென்ட்னா சிவில் இன்ஜினியர் பாக்காம யோசிக்கவே கூடாது. உங்க க்ளவுனும் டாம்செலும் ஒரு ராத்திரி அதுக்கு சாப்பாடாயிடும், அது வேற.

அடுத்து தண்ணி. சுறா ரத்தத்துல யூரியாவ சேத்து வச்சுக்கும், அதனாலதான் உடம்புக்குள்ள இருக்கிற அடர்த்தி கடல் தண்ணிய விட ஒரு துளி கூடவே இருக்கும். உப்பு திடீர்னு இறங்குச்சுன்னா தண்ணி உள்ள ஏறி உடம்பு ஊதிரும். மத்த மீனுக்கு ஒட்டுண்ணி வந்தா உப்பில்லாத நல்ல தண்ணில முக்கி எடுப்போமே, அத இதுக்கு வீட்ல நாமளா செய்யவே கூடாது. அப்புறம் நைட்ரேட், மீன் கழிவுலேருந்து தண்ணில சேர்றது. நைட்ரேட் ஏறுன தண்ணில சுறா உடம்பு அயோடின சரியா எடுக்காது, தொண்டைல கழலை கட்டி வீங்கும், வெள்ளைப்புள்ளிங்கிற இன்னொரு வகை பேம்பூ ஷார்க் குட்டிங்கள வச்சு ஆய்வுலயே இத காட்டியிருக்காங்க. நாங்க சாப்பாட்டுல அயோடின், வைட்டமின் எல்லாம் சேத்துதான் குடுக்குறோம், மாத்திரைய கணவாய்க்குள்ள சொருகி ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா நீட்டுவோம், யார் சாப்பிட்டா யார் சாப்பிடலன்னு போர்டுல எழுதுவோம். மத்தியும் நெத்திலியும் மட்டும் தினம் போட்டா வைட்டமின் பி1 குறைஞ்சு போயிடும், அந்த மீனுங்கள்ல அத அழிக்கிற என்சைம் இருக்கு.

கோவை_ரீஃப்:

நான் வளத்துப் பாத்தவங்க, அதனால சொல்றேன், தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு குட்டி வாங்கினேனுங்க, ஆறடி டேங்க். பதினோரு மாசத்துல ஒன்றரையடிக்கு மேல வந்துருச்சு. எங்கையில வந்து இறால் வாங்கி சாப்பிடும், ராத்திரி லைட்ட அணைச்சதும் மூக்குக்கு கீழ இருக்கிற அந்த ரெண்டு மீசைய மணல்ல தடவித் தடவி டேங்க சுத்தி வரும், நான் சோபால உக்காந்து பாத்துட்டே இருப்பேன்.

அப்புறம் அதே டேங்க்ல இருந்த, டேங்னு சொல்ற இன்னொரு வகை மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்துச்சு. கடைல கேட்டேன், ஒரு மருந்து குடுத்தாங்க, எல்லா மீனுக்கும் ஒத்துக்கும்னு சொன்னாங்க, நானும் பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம ஊத்திட்டேன். அது காப்பர் மருந்துங்க. சுறாவுக்கு காப்பர் விஷம்னு எனக்கு அப்ப தெரியாது. ராத்திரி ஊத்துனேன், காலைல எந்திரிச்சு பாக்குறப்ப செவுள் படபடன்னு அடிச்சுக்குது, பக்கவாட்டுல சாஞ்சு கெடக்குது. தண்ணி பாதிக்கு மேல மாத்துனேன், மருந்த உறிஞ்ச கார்பன் போட்டேன், மதியத்துக்குள்ள போயிருச்சு. கடைல குடுத்தது தப்புதான், ஆனா படிக்காம ஊத்துனது எங்கை. இன்னைக்கும் அந்த இறால் டப்பாவ ஃப்ரிட்ஜ்ல பாத்தா ஒரு மாதிரியா இருக்குதுங்க.

இன்னொண்ணு, உங்க டேங்க் மோட்டார் ஹீட்டர்ல கரண்ட் லீக் இருக்கான்னு யாரும் பாக்குறதில்ல. சுறா மூக்குல சின்னச் சின்னத் துளையா இருக்கே, அதுல தான் இரையோட மின்சாரத்த உணரும். மத்த மீனுக்கு ஒண்ணும் தெரியாத லீக்குகூட இதுக்கு ஓயாத தொல்லை.

பாம்பன்_கரை:

நம்ம கடல்ல கெடக்குற மீனு பத்தி பேசுறதால நானும் ரெண்டு வார்த்தை. எங்கப்பா விசைப்படகுல போனவரு, நானும் காலேஜ் லீவுல போயிருக்கேன். வலை மடிய ஏத்தி படகுத் தட்டுல கொட்டுனா இறால் நண்டு தனியா பொறுக்கிட்டு மிச்சம் சங்காயம், அதாவது கழிச்சுப் போடுற மீனு, அதுல இந்த சுறா சாம்பல் கலர்ல ஒண்ணு ரெண்டு எப்பவும் கெடக்கும். நீங்க பாத்தது பட்டை போட்டது, எங்க பக்கம் அதிகமா வர்றது கிரே பேம்பூங்கிற இனம், ரெண்டும் ஒரே குடும்பம்தான். விலை போகாது. ஆனா உசுரு கெட்டி அண்ணே, மத்ததெல்லாம் செத்து விறைச்சுப் போயி மூணு மணி நேரம் ஆன பொறவும் இது வால அசைக்கும். பிரவுன் பேண்டட் தண்ணி இல்லாம அரை நாள் வரைக்கும் தாங்கும்னு பின்னாடி படிச்சேன். ஓதம் (கடல் ஏத்தம்) வத்துனா குட்டையில மாட்டிக்கிட்டு கெடக்குற மீனு, அதுக்கேத்த உடம்பு. அப்பா இத கண்டா வால புடிச்சு கடல்ல போட்டுட்டுதான் அடுத்த வேலை பாப்பாரு.

இந்த உசுரு கெட்டிதான் அதுக்கு வினையாவும் ஆகுது. ஈரச் சாக்குல சுத்தி கொண்டு வந்தாலும் சாகாது, முட்டைய பைல போட்டு பஸ்ல ஏத்தினாலும் பொரிக்கும், அதனால கடைக்கு கொண்டு போறது லேசு. வலைய ஒதறும்போது முட்டைப்பை நாராட்டம் பின்னிக்கிட்டு வரும். நீங்க கடைல பாத்தது டேங்க்ல இட்டதா கடல்ல எடுத்ததான்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் பதில் வராது. அது பாவம்னு நெனச்சு காப்பாத்துறதுக்காக வாங்காதீங்க. நீங்க ஒண்ணு வாங்கினா அடுத்த வாரம் ரெண்டு வந்து தொங்கும்.

உவர்நீர்_அண்ணாநகர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோவை அக்கா, நீங்க எழுதினத என் வொய்ஃப்கிட்ட சத்தமா படிச்சுக் காமிச்சேன், அதுக்கப்புறம் வீட்ல யாரும் வாங்கலாம்னு பேசல. வாங்கல, முடிவு பண்ணிட்டோம். நாலடி டேங்க் நாலடி டேங்காவே இருக்கட்டும். பொண்ணு மட்டும் ஒரு கேள்வி கேக்கறா, எனக்கு பதில் தெரியல. அந்த முட்டைக்குள்ள இருக்கிற குட்டிக்கு வெளிய நாம நிக்கிறது தெரியுமாங்கிறா.

பம்ப்ரூம்:

ரொம்ப நல்ல கேள்வி கேட்டிருக்கு பாப்பா. மேற்கு ஆஸ்திரேலியால இதே பிரவுன் பேண்டட் முட்டைய வச்சே பாத்தாங்க, 2013ல வெளிவந்துச்சு. ஒரு கட்டத்துக்கு மேல முட்டைப்பைல சின்னதா ஒரு பிளவு திறக்கும், குட்டி வால ஆட்டி ஆட்டி புதுத்தண்ணிய உள்ள இழுக்கும். பெரிய மீன் பக்கத்துல வந்தா வர்ற மாதிரி மின்சாரத்த வெளிலேருந்து குடுத்தா, உள்ள இருக்கிற குட்டி வால் ஆட்டுறத நிறுத்திரும், செவுள் அசைவையும் நிறுத்திரும், மூச்ச அடக்கிட்டு சத்தமில்லாம கெடக்கும். பொறக்கறதுக்கு முன்னாடியே எதிரி வந்தா அசையக்கூடாதுன்னு தெரியுது.

பாப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. சான் பிரான்சிஸ்கோல கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்ஸஸ்ல இருக்கிற ஸ்டெய்ன்ஹார்ட் அக்வேரியத்துல ஒரு பெண் பிரவுன் பேண்டட், ஆண் பக்கமே போகாம 45 மாசம் கழிச்சு நல்ல முட்டை இட்டு குட்டி பொரிச்சுச்சு. ஆண் இல்லாம தானாவே உண்டான குட்டியான்னு மரபணு பாத்தாங்க, இல்ல, அப்பா ஒருத்தர் இருக்காரு, அந்த விந்தணுவ அத்தன மாசமும் உடம்புக்குள்ளயே சேத்து வச்சிருந்திருக்கு. 2015ல எழுதினாங்க. பெரிய அக்வேரியம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன், கடல்ல இத யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. பாப்பாவ ஒரு நல்ல பப்ளிக் அக்வேரியத்துக்கு கூட்டிட்டு போங்க, தீனி குடுக்குற நேரம் கேட்டுட்டு போனா அது எழுந்து வர்றத பாக்கலாம்.

உவர்நீர்_அண்ணாநகர்:

பம்ப்ரூம் அண்ணா, இன்னைக்கு சாயங்காலம் வேற வேலையா அந்தப் பக்கம் போனேன், மனசு கேக்காம கடைக்குள்ள போயிட்டேன். குட்டி அங்கதான் இருக்கு. கீழ முழுக்க கோரல் சிப்ஸ் (உடைஞ்ச பவளத் துண்டு), கண்ணாடி வழியா பாத்தா வயித்துல ரெண்டு இடம் சிவந்திருக்கு, அதுல உரசித்தான் இருக்கும். சண்டை போடல, இது தரைல படுக்கிற சுறான்னு இங்க நீங்க எழுதினத ஃபோன்ல காமிச்சேன், அந்தச் சிவப்பையும் காமிச்சேன். அவரு நல்ல மனுஷன்தான், யாரும் சொல்லலன்னாரு, உடனே பையன கூப்பிட்டு அந்த டேங்க்ல மட்டும் நைஸ் மணல் போடச் சொன்னாரு. பொரிச்சு ஒரு வாரம் ஆகுதாம், இன்னும் ஒண்ணுமே சாப்பிடலயாம், அதான் அவருக்கும் பயம். என்ன குடுக்கச் சொல்லட்டும்?

பம்ப்ரூம்:

பொரிச்ச புதுசுல வயித்துக்குள்ள மஞ்சக்கரு மிச்சம் இருக்கும், ஒரு வாரம் சாப்பிடலன்னா பயப்பட வேணாம். கணவாய சுண்டுவிரல் நகம் அளவுக்கு அறுத்து, கடை அடைச்சு லைட்ட அணைச்ச பிறகு ஒரு மெல்லிசு குச்சி நுனில சொருகி மீசைக்கு முன்னாடி மணல்ல வைக்கச் சொல்லுங்க. வாய்ல திணிக்கக் கூடாது. எடுக்கலன்னா அரை மணி நேரத்துல அந்தத் துண்ட வெளிய எடுத்துரணும், தண்ணி கெடும். அடுத்த நாள் இறால் உரிச்சு அதே மாதிரி. அப்புறம் அந்த டேங்க்ல காப்பர் ஊத்துன தண்ணி எதுவும் கலக்கலயான்னு கண்டிப்பா கேளுங்க, நிறைய கடைகள்ல எல்லா டேங்க்கும் ஒரே சம்ப்ல ஓடும்.