அனுபவப் பகிர்வு: ஏர் இந்தியாவோட உங்க மனசுல இன்னும் நிக்கிற ஒரு நிமிஷம் – மும்பைத் தமிழர்கள்

வக்கோலா குமார்:

ஏர் இந்தியாவோட கடைசி ஜம்போ, அதான் நாலு இன்ஜின் போயிங் 747, மும்பையை விட்டுக் கெளம்பிப் போன அன்னிக்கு வீட்ல நடந்ததை யார்கிட்டயாவது சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கு, அதான் ஆரம்பிக்கிறேன். 2024 ஏப்ரல் 22. ஆக்ரான்னு பேர் வெச்ச பிளேன், ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் விடி-ஈவிஏ. வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க, மேல ஏறினதும் ரெக்கையை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை சாய்ச்சுட்டுப் போச்சே, அதேதான்.

அப்பா ஓல்ட் ஏர்போர்ட் ஹேங்கர்ல, அதான் பிளேனை ரிப்பேர் பண்ற கொட்டகையில, 31 வருஷம் டெக்னீஷியன். வீட்ல எங்களுக்கு மாமா சித்தப்பா பேரை விட ஜம்போ பேருங்கதான் முதல்ல மனப்பாடம், எம்பரர் ராஜேந்திர சோழா, எம்பரர் மகேந்திர வர்மன், அப்புறம் புது மாடல் 747-400 வந்தப்ப கோனார்க், தஞ்சோர், அஜந்தா, ஆக்ரான்னு. அன்னிக்குக் காலையில "மொட்டை மாடிக்கு வாங்கப்பா, போகப் போகுது"ன்னு கூப்பிட்டேன், "நீ போய்ப் பாரு"ன்னுட்டார். நானும் பாதிப் படி ஏறிட்டேன், என்னமோ மனசு கேக்கல, திரும்பி வந்துட்டேன்.

கிச்சன்ல கேஸ் டியூப் கிளாம்ப்புக்கு லாக் வயர் போட்டுட்டு இருந்தார். தெரியாதவங்களுக்கு: இன்ஜின்ல போல்ட் தலையில சின்ன ஓட்டை இருக்கும், அதுல கம்பியை விட்டு முறுக்கி அடுத்த போல்ட்டோட சேத்துக் கட்டுவாங்க, ஒண்ணு லூசாகப் பாத்தா கம்பி அதை டைட் ஆகுற பக்கமே இழுக்கணும், மாத்திக் கட்டிட்டா இன்ஸ்பெக்டர் பேசவே மாட்டார், வெட்டிப் போட்டுட்டுப் போயிடுவார். அப்பா வீட்ல எல்லாத்தையும் அப்படித்தான் கட்டுவார், கேட்டு கொண்டி உட்பட.

சத்தம் வந்துச்சு. கை நின்னுடுச்சு. பிளையர் கம்பியைப் பிடிச்சபடியே இருக்கு, விடவும் இல்ல முறுக்கவும் இல்ல, தலையை லேசா சாய்ச்சு கேட்டுட்டே இருந்தார். சத்தம் முழுசா அடங்கினப்புறம் மீதி முறுக்கை முறுக்கி, நுனியை வெட்டி, கையில குத்தாத மாதிரி உள்ள மடிச்சு விட்டார். "நாலும் சுத்தமா ஓடுதுடா"ன்னார். அவ்வளவுதான், டிவியைப் போட்டுட்டு உக்காந்துட்டார்.

ரெக்கை சாய்ச்சதை நான் நேர்ல பாக்கல. அது போகட்டும். அப்பா அன்னிக்கு என்ன நெனச்சார்னு இன்னும் கேக்க முடியல, அதுதான் உறுத்துது. உங்க கதையும் சொல்லுங்க.

முலுண்ட் ஜெயந்தி:

குமார் தம்பி, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. என்னோடது 1990. ஈராக் குவைத்தைப் பிடிச்சப்ப அங்க மாட்டிக்கிட்ட நம்ம ஆளுங்களை ஏர் இந்தியா கொண்டு வந்துச்சே, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பஸ்ல பாக்தாத், அங்கேருந்து ஜோர்டான் பார்டர், டென்ட், அம்மான், அதெல்லாம் விலாவாரியா எழுத எனக்குத் தெம்பில்ல. எனக்கு அப்ப பத்து வயசு, தம்பிக்கு மூணு.

சஹார்ல, அதான் மும்பை ஏர்போர்ட்ல, எறங்கினப்ப நடுராத்திரி தாண்டியிருக்கும். பொதுவா பிளேன் நிக்கிறதுக்குள்ள எல்லாரும் எந்திரிச்சு மேல இருக்குற பையை இழுப்பாங்க இல்ல? அன்னிக்கு ஒருத்தர் எந்திரிக்கல. பிளேன் நின்னுடுச்சு, கதவைத் திறந்துட்டாங்க, வெளிக்காத்து வருது, மழை வாசனையோட. அப்பவும் யாரும் அசையல. வாரக்கணக்குல "நில்லு", "உக்காரு", "இந்த வரிசை", "அந்த வரிசை"ன்னு சொன்னதைக் கேட்டுக் கேட்டு, யாராவது சொன்னாத்தான் எந்திரிக்கணும்னு ஆயிடுச்சு போல எல்லாருக்கும்.

ஏர் ஹோஸ்டஸ் ஒருத்தங்க எங்க வரிசைக்கு வந்தாங்க. அம்மாவுக்கு பெல்ட் கழட்ட வரல, விரல் நடுங்குது. அவங்க சேலையோட தரையில முட்டி போட்டு உக்காந்து பக்கிளைத் திறந்து விட்டு, தமிழ்லயே, "வந்தாச்சும்மா, நம்ம ஊருதான், எந்திரிங்க"ன்னாங்க. அம்மா திருப்பிக் கேட்டது, "எந்த வரிசையில நிக்கணும்?"

அவங்க நெஞ்சுல பேர் பேட்ஜ் இருந்துச்சு. என் கண்ணுக்கு நேரா. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும், படிச்சேன், படிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. என்ன பேருங்கிறது மட்டும் ஞாபகம் இல்ல. 35 வருஷமாத் தேடிட்டு இருக்கேன் மண்டைக்குள்ள.

பவாய் அருண்:

ஜெயந்தி அக்கா, உங்க கதைக்கு பதில் சொல்ற அளவுக்கு எனக்கு வயசும் இல்ல அனுபவமும் இல்ல. குமார் அண்ணா சொன்னதுக்கு மட்டும். ஜம்போ போனதுல எனக்கு வருத்தமே இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு இன்ஜின் குடிக்கிற எண்ணெய்க்கு இன்னிக்கு எந்தக் கம்பெனியும் தாங்காது. அந்தக் காலத்துல ரெண்டு இன்ஜின் பிளேன் கடலைத் தாண்டி ரொம்ப தூரம் போக விதி விடல, அதனால நாலு தேவைப்பட்டுச்சு. இப்ப இன்ஜின் நம்பகமாயிடுச்சு, ரெண்டே போதும், 2021 ஜனவரியில சான் பிரான்சிஸ்கோவுலேருந்து பெங்களூருக்கு வட துருவம் வழியா ஏர் இந்தியாவோட போயிங் 777 நேரா வந்துச்சே, கேப்டன் ஜோயா அகர்வால், காக்பிட்ல எல்லாரும் பெண்கள். ரெண்டே இன்ஜின்தான்.

என் கதை சின்னது. 2024 ஜனவரி 22, ஏர் இந்தியாவோட புது ஏர்பஸ் ஏ350 பறந்த முதல் நாள், பெங்களூர்லேருந்து மும்பை. வேணும்னே டிக்கெட்டை மாத்தி அதுல வந்தேன். 316 சீட்டு. பக்கத்துல ஒரு பாட்டி, கோயம்புத்தூர் பக்கம், மாதுங்கால இருக்குற மகன் வீட்டுக்கு வராங்க, அது புது பிளேன்னெல்லாம் அவங்களுக்குத் தெரியாது. நான் ஹெட்போன் மாட்டிட்டேன். பிளேன் மேல ஏறி அஞ்சு நிமிஷம் இருக்கும், கையைத் தொட்டு, "தம்பி, இன்னும் கெளம்பலையா?"ன்னு கேட்டாங்க. நாங்க மேகத்துக்கு மேல இருக்கோம். அவ்வளவு அமைதி அந்த பிளேன், அவங்க வளையல் சத்தம் எனக்குக் கேக்குது. ஜன்னலைக் காட்டினேன். எட்டிப் பாத்துட்டு என் கையை விடவே இல்ல, மும்பை வர வரைக்கும். நான் அப்பவும் ஹெட்போனைக் கழட்டல. ஏன் கழட்டலன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கேன், ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

ஆனா பாயின்ட் அதேதான், அரசாங்கம் 1953லேருந்து 2022 வரைக்கும் வெச்சு வீணாக்கின ஏர்லைனை டாடா திரும்ப வாங்கினதுக்கப்புறம்தான் இதெல்லாம் வருது. 2023ல 470 பிளேன் ஆர்டர். பழசை நெனச்சு அழறது வேஸ்ட்.

முலுண்ட் ஜெயந்தி:

அருண், வீணாக்கினது வீணாக்கினதுன்னு எல்லாரும் சொல்றீங்க. 59 நாள்ல 488 ட்ரிப் அடிச்சு ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்களைக் கொண்டு வந்தாங்க. எங்கப்பா கையில இருந்த குவைத் தினாரை ஒருத்தனும் வாங்க மாட்டேன்னுட்டான், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துத்தான் ஏறணும்னு இருந்திருந்தா நாங்க அந்த டென்ட்லயே இருந்திருப்போம். லாபம் பாக்குற கம்பெனி வந்திருக்குமா? வந்திருக்கும்னு நீங்க சொன்னா நம்பறதுக்கு எனக்கும் ஆசைதான். அது அரசாங்கத்து பிளேனா இருந்துச்சு, அதனால வந்துச்சு. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிங்ஸ் சர்க்கிள் வாசகன்:

ரெண்டு பேர் சொல்றதுலயும் ஒரு விஷயம் விட்டுப்போகுது. 1953ல தேசியமயம் ஆனப்பவும் அதை ஆரம்பிச்ச ஜே.ஆர்.டி. டாடாவைத்தான் சேர்மனா வெச்சாங்க, 1978 வரைக்கும் அவர்தான். 1960ல முதல் ஜெட் போயிங் 707 வந்தது, 1962ல ப்ரொபெல்லரே இல்லாம மொத்தமும் ஜெட் ஆனது, 1971ல முதல் ஜம்போ எம்பரர் அசோகா வந்தப்ப ஜன்னலைச் சுத்தி அரண்மனைச் சாளரம் மாதிரி வரைஞ்சது, எல்லாமே அரசாங்கக் கம்பெனியா இருந்தப்பதான். அந்த 69 வருஷத்தை அருண் ஒரே மூட்டையா கட்டிட்டார். யார் முதலாளிங்கிறதை விட யார் கண்ணு வெச்சுப் பாத்துக்கிட்டாங்கன்னுதான் நான் கேப்பேன். 78ல மொரார்ஜி அரசாங்கம் அவரை எடுத்த சேதியை பேப்பர்ல படிச்சு எங்கப்பா சாப்பிடாம எந்திரிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு, இத்தனைக்கும் அவர் பிளேன்ல ஏறினதே கிடையாது, போஸ்ட் ஆபீஸ் கிளார்க். போஸ்ட் ஆபீஸ்காரங்களுக்கு அந்த ஏர்லைன் மேல ஒரு உரிமை உண்டு, ஏன்னா 1932 அக்டோபர் 15ல அது ஆரம்பிச்சதே தபாலுக்குத்தான். கராச்சியில கெளம்பி அகமதாபாத் வழியா ஜுஹூ வரைக்கும் ஜே.ஆர்.டி. ஓட்டி வந்தார், அங்கேருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு அவரோட கூட்டாளி நெவில் வின்சென்ட் எடுத்துட்டுப் போனார். நம்ம ஊருக்கு வந்த கடுதாசிதான் அந்த வண்டியோட முதல் சரக்கு.

அதே வழியை 50 வருஷம் கழிச்சு, 1982 அக்டோபர் 15ல, 78 வயசுல ஜே.ஆர்.டி. திரும்பப் பறந்து வந்தார், லெபர்ட் மாத்ங்கிற சின்னப் பழைய பிளேன்ல. நான் அப்ப காலேஜ், அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுட்டு என்னையும் ஜுஹூவுக்குக் கூட்டிட்டுப் போனார். ரொம்ப தூரத்துல, வேலிக்கு வெளியதான் நின்னோம். முதல்ல சத்தம்தான் வந்துச்சு, தையல் மெஷின் ஓடுற மாதிரி. அப்புறம் தும்பி மாதிரி ஒண்ணு. அப்பா சட்டைப் பையிலேருந்து ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்துக் கையில பிடிச்சிருந்தார், யாருக்குன்னு கேட்டேன், "யாருக்கும் இல்ல, சும்மா கொண்டாந்தேன்"ன்னார். அது எழுதாத லெட்டர். இன்னும் என்கிட்ட இருக்கு, ஒண்ணும் எழுதல அதுல.

தானே சுந்தரம்:

எல்லாரும் பழைய கதை சொல்றீங்க, நான் நடைமுறையா ஒண்ணு சொல்றேன். போன வருஷம் என் பொண்ணு சென்னையிலேருந்து வந்தப்ப, எந்தக் கம்பெனின்னு இங்க எழுத விரும்பல, பையைத் திறந்து எங்கம்மா வெயில்ல காய வெச்சுக் கொடுத்த கொப்பரையை எடுத்துட்டாங்க, பையும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்துச்சு. எங்கம்மாகிட்ட கொப்பரை வந்து சேந்துச்சுன்னு பொய் சொன்னேன். அவங்க போன மாசம் காலமாயிட்டாங்க.

அதனால எல்லாரும் தயவுசெஞ்சு கவனிங்க. கொப்பரை கையிலயும் எடுக்கக் கூடாது செக்-இன்லயும் போடக் கூடாது, எண்ணெய்ப் பசை இருக்குறதால தீப்பிடிக்கிற பொருள் லிஸ்ட்ல வருது. பச்சைத் தேங்காய் வேற, கொப்பரை வேற, கவுண்டர்ல வாதாடாதீங்க. பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான், பெரிய பெட்டியில போட்டா பெட்டியையே நிறுத்திடுவாங்க. மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில வெக்காதீங்க. எவ்வளவு கிலோ அலவன்ஸ் இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, தூக்குற ஆளோட முதுகுக்காக வெச்ச விதி அது. பை வரலைன்னா ஹாலை விட்டு வெளிய வராதீங்க, உள்ளயே இருக்குற பேக்கேஜ் கவுண்டர்ல பி.ஐ.ஆர்., அதான் பை வரலைங்கிற புகார்ப் படிவம், எழுதி நம்பரோட காப்பி வாங்குங்க, வெளிய வந்துட்டு போன் பண்ணினா இழுத்தடிப்பாங்க. இன்டர்நேஷனல்னா மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பை உடைஞ்சிருந்தா 7 நாளுக்குள்ள, லேட்டா வந்துச்சுன்னா கைக்கு வந்ததுலேருந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் போயிருக்கணும், வாய்ல சொன்னது செல்லாது. போர்டிங் பாஸ்ல ஒட்டுற டேக் துண்டைத் தூக்கிப் போடாதீங்க. வயசானவங்க வந்தா வீல்சேரை டிக்கெட் போடறப்பவே சொல்லிடுங்க, ஏர்போர்ட்ல போய்க் கேட்டா காத்திருக்க வேண்டியிருக்கும். விஸ்தாரா 2024 நவம்பர் 12ல ஏர் இந்தியாவோட சேர்ந்துடுச்சு, நிறைய பேர் இன்னும் பழைய பேரைத் தேடுறீங்க. மும்பையில எந்த டெர்மினல்னு டிக்கெட்ல பாத்துட்டு டாக்சி ஏறுங்க, டி1லேருந்து டி2க்கு மழைக்காலத்துல போய்ச் சேர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல.

பவாய் அருண்:

சுந்தரம் சார், அம்மா விஷயம் கேட்டு வருத்தமா இருக்கு.

கிங்ஸ் சர்க்கிள் சார், 1953–78 பத்தி நீங்க சொன்னதை ஏத்துக்கறேன். அதுக்கப்புறம் நடந்ததுக்கு என் கருத்து அதேதான். ஜெயந்தி அக்கா, உங்ககிட்ட வாதாட எனக்கு மனசு வரல.

வக்கோலா குமார்:

நேத்து ராத்திரி அப்பாவுக்கு இந்தத் திரியை முழுசா படிச்சுக் காட்டினேன். லாக் வயர் பத்தி நான் எழுதினதுல ஒண்ணும் தப்பு சொல்லல. 1982 கதை வந்தப்ப சிரிச்சார், அன்னிக்கு அவருக்கு டியூட்டியாம். ஜெயந்தி அக்கா எழுதினது வந்தப்ப "நிறுத்து, திரும்பப் படி"ன்னார். திரும்பப் படிச்சேன்.

ரொம்ப நேரம் கழிச்சு சொன்னார். 90ல ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் நைட் ஷிப்ட்தானாம், வந்த பிளேனைத் திருப்பி அனுப்பணும், நேரமே இருக்காதாம். சீட்டுக் கால் மாட்டுறதுக்குத் தரையில நீளமா ரெயில் ஓடும் இல்லையா, அந்தப் பள்ளம் முழுக்க மணலாம். மஞ்சளா, மாவு மாதிரி. "வேக்குவம் போட்டோம், போகல. துணி வெச்சுத் துடைச்சோம், போகல. அடுத்த ட்ரிப் வந்தா இன்னும் ஜாஸ்தி. கடைசியில பெரிய செக்குக்கு ஹேங்கருக்கு வந்தப்ப சீட்டு எல்லாத்தையும் கழட்டி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால கீறிக் கீறித்தான் எடுத்தோம். எங்கேருந்துடா இவ்வளவு மணல்னு பேசிக்குவோம், யாரும் யாரையும் கேக்கல"ன்னார்.

அக்கா, அந்த டென்ட் இருந்த இடத்துல மணல் எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னார்.

முலுண்ட் ஜெயந்தி:

மஞ்சள்தான் தம்பி. மாவு மாதிரிதான். ஷாலான் கேம்ப், ஜோர்டான் பார்டர்ல எங்க டென்ட் இருந்த இடம். தலைமுடியில, ரொட்டியில, எல்லாத்துலயும் இருந்துச்சு. தம்பியைத் தூக்கி உதறித்தான் பஸ்ல ஏத்தினாங்க அம்மா.

அம்மாவுக்கு இப்ப 78. தூங்கறாங்க. எந்திரிச்சதும் இதைப் படிச்சுக் காட்டறேன், உங்கப்பா நம்பர் தனியா அனுப்புங்க.