வீட்டுப் பெட்டைப் பூனை புதுக் குட்டியைக் கண்டு சீறுகிறது; எப்படிப் பழக்குவது?

மாடிவீடு:
அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தில் வசிக்கிறோம். கருத்தடை செய்யப்பட்ட நான்கு வயதுப் பெட்டைப் பூனை ஒன்று, குட்டியாக வந்தது முதல் வேறு பூனைத் துணையின்றி எங்களோடு வளர்ந்திருக்கிறது. சென்ற வாரம் மழையில் நனைந்து வண்டி நிறுத்துமிடத்தில் கத்திக்கொண்டிருந்த, ஏறக்குறைய இரண்டு மாதக் கடுவன் குட்டியை என் கணவர் தூக்கி வந்தார். கூடத்தில் இறக்கிவிட்டதும் எங்கள் பூனை முதுகைத் தூக்கிச் சீறிவிட்டு அலமாரியின் மேல் ஏறிக்கொண்டது. அதன்பின் உணவையும் பாதியில் விட்டுவிடுகிறது. இப்போது குட்டி சிறிய படுக்கையறையில் இருக்கிறது. வாடை போவதற்காக அந்த அறையைக் காலையும் மாலையும் பினாயில் விட்டுத் துடைக்கிறேன். இரண்டையும் எப்போது, எப்படிச் சேர்த்துவிடலாம்? "நாலு நாள் சண்டை போட்டுத் தானாகச் சேர்ந்துகொள்ளும், விட்டுவிடு" என்கிறார் என் மாமியார்.

சாம்பல்கடுவன்:
முதல் வேலையாகப் பினாயிலை நிறுத்திவிடுங்கள். பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போய்விடும். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கிற கிருமிநாசினி எதுவாயினும் பூனை நடமாடும் தரையில் வேண்டாம். அன்றாடம் துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

தெருவிலிருந்து வந்த குட்டிக்கு இரண்டு வாரமாவது தனி அறை தேவை. பூனைப் பார்வோ என்று நாம் சொல்லும், கடும் வாந்தியும் கழிச்சலும் தரும் வைரஸ் நோய், தொற்றிய பிறகு ஒரு வாரம், பத்து நாள்கூட வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். அதன் வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். ஆகவே குட்டியைத் தொட்டபின் கையைக் கழுவிவிட்டுப் பெரியதிடம் செல்லுங்கள். பெரியதன் தடுப்பூசி அட்டையில் தவணை எதுவும் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குட்டிக்கு இந்த வயதிலேயே கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கலாம். 16 வாரம் ஆகும்வரை 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். குடற்புழு மருந்தையும் தெள்ளுப்பூச்சி மருந்தையும் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள், ஏனெனில் நாய்க்கென விற்கும் சில தெள்ளு மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். வேப்பேரி பக்கம் என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம்.

வெயில்திண்ணை:
மருத்துவம் பற்றி மேலே சொல்லியாயிற்று. பழக்குவதைப் பற்றி எழுதுகிறேன். பூனை மற்றொரு பூனையை அறிவது முதலில் மூக்கால்தான், அந்த மூக்கைப் பினாயில் நெடி குழப்பிவிடும் என்பது அதை நிறுத்த இன்னொரு காரணம். மருத்துவர் குட்டிக்கு நோயில்லை என்று சொன்னபிறகு, சுத்தமான துணியால் அதன் கன்னத்தை மெதுவாகத் தடவி, அந்தத் துணியைப் பெரிய பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். உணவுக் கிண்ணத்தின் அருகே வேண்டாம். அது முகர்ந்துவிட்டு அசட்டையாகக் கடந்து போகும் நாளில், மூடிய கதவின் இருபுறமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உணவு வையுங்கள். பெரியது எவ்வளவு தூரத்தில் நிம்மதியாகச் சாப்பிடுகிறதோ அங்கேயே கிண்ணத்தை வைத்து, நாளுக்கு நாள் கதவை நோக்கி நகர்த்துங்கள். இடையில் ஒருமுறை அறைகளை மாற்றிவிட்டால் ஒன்றின் இடத்தை மற்றொன்று ஆளில்லாமல் முகர்ந்து பார்த்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகே பார்வை. கம்பிவலைக் கதவு இருந்தால் மிக நல்லது. நேரில் விடும் அன்று குட்டியை முன்னதாக ஓடவிட்டு விளையாட வைத்து, வயிறு நிறைய உணவளித்துக் களைப்பாக்கிவிடுங்கள், பெரியவற்றுக்குக் குட்டியின் துள்ளல்தான் தாங்காது. குட்டியைக் கையில் ஏந்திப் பெரியதன் முகத்துக்கு நேரே நீட்டுவதை மட்டும் யாரும் செய்யாதிருக்கட்டும். கடி உங்களுக்குத்தான் விழும்.

கொல்லைப்புறம்:
உங்கள் மாமியார் சொல்வதை அடியோடு தள்ள வேண்டியதில்லை. கொல்லையும் ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டில் பிடிக்காத பூனை எழுந்து வெளியே போய்விடும், பசித்தால் திரும்பும். அப்படித்தான் அங்கே சேர்ந்துகொள்கின்றன. உங்கள் அடுக்ககத்தில் அதற்குப் போக்கிடம் அலமாரி உச்சி ஒன்றுதான். அதனால் அந்த உச்சியை அதற்கே விட்டுவிட்டு, குட்டி ஏற முடியாத இன்னும் ஓரிரு இடங்களையும் ஒதுக்கிக் கொடுங்கள். பூனை மலம், சிறுநீர் கழிக்கும் மணல் தட்டு மூன்று வையுங்கள், மூன்றையும் ஒரே மூலையில் வைக்காதீர்கள்.

சீறுவதற்குப் பயப்பட வேண்டாம், அது "தள்ளி நில்" என்னும் எச்சரிக்கையே. நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஓர் அடி கொடுத்தாலும் குட்டி பாடம் கற்கும். சத்தமே இல்லாமல், கண் கொட்டாமல் பார்த்தபடி பதுங்கி வந்தால்தான் உடனே பிரிக்க வேண்டும். கையால் பிரிக்காமல் நடுவே ஓர் அட்டையையோ தலையணையையோ நுழையுங்கள். கடுவனுக்கு ஐந்தாம் மாதவாக்கில் கருத்தடை செய்துவிடுவதும் நல்லது.

மாடிவீடு:
மூவருக்கும் நன்றி. பினாயிலை எடுத்து வைத்துவிட்டேன். பால்கனிக்கு மட்டுமே வலைக்கதவு உள்ளது. ஒட்டுப்பட்டை வைத்த கொசுவலையை அறை வாசலில் கட்டினால் போதுமா? பெரியது இன்றும் பாதிதான் சாப்பிட்டது.

வெயில்திண்ணை:
கொசுவலையைக் குட்டியே ஒரு மணி நேரத்தில் கிழித்துவிடும். மருத்துவரிடம் கொண்டு செல்லும் கம்பிக் கூண்டில் குட்டியை வைத்து, மேலே பாதி துணியால் மூடி, கூடத்தின் மறுகோடியில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். பாதி உண்பது பல நாள் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள், பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்புப் படியும் ஆபத்து உண்டு.