மறு: 'லம்பார் பங்சர்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். 'லம்பார் பங்சர்' என்பது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை எட்ட, முதுகின் கீழ்ப்பகுதியில் லம்பார் எனப்படும் ஐந்து முள்ளெலும்புகளின் இடைவெளியில் ஊசி செலுத்தும் முறை. அதற்குத் தமிழ்ப்பெயராக வந்த மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

> முதுகுத்தண்டைத் துளைப்பதுதானே? 'தண்டுத்துளை' என்று வைத்தால் சுருக்கமாக இருக்கும்.

சுருக்கம்தான், ஆனால் ஏற்க மனம் வரவில்லை. இதில் எலும்பையும் துளைப்பதில்லை, தண்டுவடத்தையும் துளைப்பதில்லை. தண்டுவடத்தில் ஊசி படக்கூடாது என்பதற்காகவே அவ்வளவு கீழே இடம் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் முதலாம், இரண்டாம் லம்பார் முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே, நீர் நிறைந்த உறைப்பைக்குள் இருப்பவை நரம்பு வேர்கள். நீரில் தளர்வாக மிதக்கும் அவை, ஊசி வரும்போது பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். இடுப்பெலும்புகளின் மேல்விளிம்புகள் இரண்டையும் சேர்த்து முதுகில் ஒரு கோடு போட்டால் அது ஏறத்தாழ நான்காம் முள்ளெலும்பில் விழும். அந்தக் கோட்டை வைத்தே 3-4 அல்லது 4-5 முள்ளெலும்புகளின் இடைவெளியை விரலால் தேடிப் பிடிக்கிறார்கள். பிறந்த குழந்தைக்குத் தண்டுவடம் மூன்றாம் முள்ளெலும்பு வரைகூட இறங்கியிருக்கலாம் என்பதால் அங்கே கூடுதல் எச்சரிக்கை. இத்தனை பாடுபட்டுத் தண்டுவடத்தைத் தவிர்த்துவிட்டு, பெயரில் மட்டும் அதைக் குத்துவானேன்? 'முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்' என்ற பயம் ஊரறிந்தது. ஒப்புதல் படிவமும் அதற்குத் துணை போக வேண்டாம்.

> 'இடுப்பு ஊசி' என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்றாக. கையிலா இடுப்பிலா என்று செவிலியர் கேட்கும்போது அந்த 'இடுப்பு' எது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

> 'தண்டுவட நீரெடுப்பு' என் தேர்வு.

மூன்றில் இதுவே நல்லது. நோயாளியிடம் பேச இது போதும் என்றே நினைக்கிறேன். கலைச்சொல்லாக வைப்பதில்தான் சிக்கல். இந்த ஊசி நீரை எடுக்க மட்டும் போவதில்லை. அழுத்தமானி பொருத்தி அழுத்தம் பார்க்கலாம், இரத்தப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைச் செலுத்தலாம். 1891இல் இம்முறையை வெளியிட்ட ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் குவின்கே, மூளையில் நீர் கோத்த குழந்தைகளின் அழுத்தத்தைக் குறைக்கவே இதைத் தொடங்கினார். ஆனாலும் பெயரில் அவர் நோக்கத்தைச் சேர்க்கவில்லை. இடமும் செயலும் மட்டுமே அதில் உண்டு. நாமும் அப்படியே செய்யலாம்.

இடத்துக்கு நான் முன்வைப்பது 'நாரி'. இலங்கைத் தமிழில் இது வாழும் சொல். 'நாரி நோகுது', 'நாரிப்பிடிப்பு' என்று அன்றாடம் பேசுகிறார்கள், அங்குள்ள பாடநூல்களிலும் நாரி முள்ளென்பு உண்டு. தமிழ்நாட்டில் நாரி என்றால் பெண் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள் என்று யாராவது கேட்பீர்கள். கேட்கட்டும். 'திங்கள்' நிலவாகவும் கிழமையாகவும் இருந்து யாரும் குழம்பவில்லை. 'கீழ்முதுகு' எளிதுதான், ஆனால் அதில் லம்பார் பகுதிக்குக் கீழுள்ள திருவெலும்பும் சேர்ந்துவிடும். நமக்கு வேண்டியது அந்த ஐந்து லம்பார் முள்ளெலும்புகள் மட்டும்.

செயலுக்கு 'துளையிடல்' வேண்டாம், துளைக்கருவியின் இரைச்சல் கேட்கிறது. 'ஊசித்துளைப்பு' என்றால் கருவியும் அளவும் தெளிவு. ஆக, நாரி ஊசித்துளைப்பு. ஒரு பத்தியில் போட்டுப் பார்க்கிறேன்:

"நாரி ஊசித்துளைப்புக்கு நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து மடக்கச் செய்க. முதுகு வளைந்தால் முள்ளெலும்புகளின் இடைவெளி விரியும். தோலைத் தூய்மையாக்கி, மரப்பு மருந்து கொடுத்தபின், ஊசியை நடுக்கோட்டில், தொப்புளை நோக்கிச் சற்றே சாய்த்துச் செலுத்துக. தோல், முள்முனைகளைப் பிணைக்கும் நார்கள், மஞ்சள் நார், டியூரா என்ற வெளியுறை, அதனுள் அரக்னாய்டு உறை என்ற வரிசையில் ஊசி கடக்கும். மஞ்சள் நாரையோ டியூராவையோ கடக்கையில் கையில் சட்டென்று ஒரு தளர்வு தெரியலாம். ஊசிக்குள் இருக்கும் உட்கம்பியை உருவி நீர் வருகிறதா என்று பார்க்க. அழுத்தம் அளப்பதானால் நீரைச் சேகரிக்கும் முன்பே அளக்க. ஊசியை வெளியே எடுக்குமுன் உட்கம்பியைத் திரும்பச் செருகுக."

ஓடுகிறது என்றே படுகிறது. மஞ்சள் நார் (லிகமென்டம் ஃபிளேவம்), உட்கம்பி (ஸ்டைலெட்) இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம். டியூராவையும் அரக்னாய்டையும் இப்போதைக்குத் தொடவில்லை, அவை தனி விவாத இழைக்கு உரிய சண்டை. ஊசிக்குமுன் பார்க்க வேண்டியவற்றுக்கு (மூளைக்கட்டியால் ஏறிய அழுத்தம், இரத்தம் உறையாமை, குத்துமிடத்தில் தோல் தொற்று) புதுச்சொல் தேவையில்லை.

விளக்கக் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். உடலில் இந்த நீர் சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கிறது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. பத்து மில்லி எடுத்தால் அரைமணி நேரத்தில் ஈடாகிவிடும். 'மூளைத் தண்ணி வத்திடுமா?' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

மிச்சமிருப்பது துளைப்புக்குப் பின் வரும் தலைவலி. உறையில் விழுந்த துளை வழியே நீர் கசிவதால் வருவது. எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் தணியும். 1898இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் தன் முதுகிலேயே ஊசி ஏற்றச் சொல்லிப் பார்த்து, இந்தத் தலைவலியைத் தானே அனுபவித்து எழுதியும் வைத்தார். உறையின் நாரை அறுக்கும் முனைக்குப் பதில் அதை விலக்கிச் செல்லும் முனையுள்ள ஊசி இந்தத் தலைவலியைக் குறைக்கிறது. எனவே ஊசிகளுக்கு 'வெட்டுமுனை', 'விலக்குமுனை' என்று எழுதலாம். தலைவலிக்கு 'கசிவுத் தலைவலி' என்பது என் முன்மொழிவு. காரணம் பெயரிலேயே இருக்கிறது, ஆனால் மூக்கு வழியே இந்நீர் கசிபவர்களின் தலைவலிக்கும் அது பொருந்திவிடும் என்பது குறை. 'துளைப்புக் கசிவுத் தலைவலி' என்று நீட்டுவதா, இப்படியே விடுவதா? நரம்பியல் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.