முதல் பூ நியூ கலிடோனியாவிலா பூத்தது?

வேரடி: ‘உலகின் முதல் பூ நியூ கலிடோனியாவில்தான் பூத்தது, அதுதான் அம்போரெல்லா என்ற புதர்ச்செடி’ என்று சோலைவாசி நேற்று எழுதியதைப் பார்த்து எரிச்சலாகிவிட்டது. பசிபிக் கடலில் உள்ள அந்தத் தீவு சுமார் 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை கடலுக்குள் கிடந்தது என்கிறார்கள் புவியியலாளர்கள். பூக்களுக்கோ 13 கோடி ஆண்டுக்கும் மேல் வயது. கடலுக்கடியிலா புதர் வளர்ந்தது?

சோலைவாசி: 1999-இலேயே மரபணுவை ஒப்பிட்டு, மற்ற எல்லாப் பூந்தாவரங்களையும் விட்டு முதலில் பிரிந்த கிளை அம்போரெல்லா என்று காட்டிவிட்டார்கள். தண்டை நறுக்கிப் பாருங்கள், பெரும்பாலான பூச்செடிகளில் நீர் கடத்தும் சைலக்குழாயே கிடையாது, பழைய வகையான, முனை மூடிய ஒடுங்கிய டிரக்கீடு செல்கள்தான். நீங்கள் இன்னும் செண்பகக் குடும்பம்தான் ஆதி என்ற பழைய பாடத்தை விடவில்லை.

வேரடி: செண்பகத்தை நான் எங்கே இழுத்தேன்? கேட்டது கடலைப் பற்றி. பதில் சொல்லுங்கள்.

அல்லிக்கொடி: அண்ணா, இரண்டாவதாகப் பிரிந்த எங்கள் அல்லியை யாருமே கண்டுகொள்வதில்லை. அந்த வரிசையில் டிரித்தூரியா என்று ஒரு பொடிச்செடி உண்டு, பார்த்தால் புல் மாதிரி இருக்கும். 2007-இல்தான் அல்லிக்கு உறவென்று தெரிந்தது. நம் நாட்டிலேயே, கொங்கணப் பகுதியில் வளர்கிறது.

சோலைவாசி: தீவு முழுசாக மூழ்கியது என்பதை எல்லாரும் ஏற்கவில்லை. அக்கம்பக்கத்தில் சிறு தீவுகள் தலைநீட்டியிருக்கலாம்.

வேரடி: ‘இருக்கலாம்’! நேற்று ‘பூத்தது’, இன்று ‘இருக்கலாம்’. சரி, மூழ்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அம்போரெல்லா இன்று அங்கே மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதால் பிறந்ததும் அங்கேதான் என்று ஆகிவிடுமா? போன வருடம் குறிஞ்சி விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் பேச்சை மாற்றினீர்கள்.

சோலைவாசி: குறிஞ்சியில் தப்பாகச் சொன்னது நீங்கள். அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மசாலாப்பெட்டி: பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவும் அம்போரெல்லா, அல்லிக்கு அடுத்துப் பிரிந்த கிளைதானே? இதழ் இதழாக விரிந்து ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு விதை.

அல்லிக்கொடி: அவை இதழ் இல்லை, காய். பேரைப் பார்த்துப் பூ என்று நினைக்காதீர்கள்.

மசாலாப்பெட்டி: எங்கள் வீட்டில் பூ என்றுதான் சொல்வோம்.

வேரடி: காயோ பூவோ, அதை அப்புறம் பார்க்கலாம். சோலைவாசி, தீவு மூழ்கியதா இல்லையா?

சோலைவாசி: முதலில் குறிஞ்சிக்குப் பதில் சொல்லுங்கள்.