வருத்தம் வந்தா வாய் திறந்து கதையுங்கோ: இங்கிலாந்துக்கு வெளிக்கிடுற எங்கடை ஆக்களுக்கு

லீவிலை கொக்குவிலுக்கு வந்து இண்டைக்குப் பத்து நாள். பின்னேரமானா ஆராவது கேற்றடியிலை வந்து நிக்கினம். ஒருத்தற்றை மகள் படிக்கப் போறா. இன்னொருத்தற்றை மருமகன் வேலை விசாவிலை போயிட்டார், மகளும் சின்னனும் பின்னாலை போயினம். ஒழுங்கைக்குள்ளை இருக்கிற ஒரு அம்மா மூத்தவனோடை ஆறு மாதம் நிக்கப் போறா. கேள்வி எல்லாருக்கும் ஒண்டுதான்: "தம்பி, அங்கை வருத்தம் வந்தா என்ன செய்யிறது?" திருப்பித் திருப்பிச் சொன்னதை இதிலை எழுதி விடுறன், வேறை ஆக்களுக்கும் உதவும்.

நான் யாழ்ப்பாணத்திலை வைத்தியம் படிச்சு, பெரியாஸ்பத்திரியிலை வேலை செய்து, இப்ப இங்கிலாந்திலை ஒரு மெடிக்கல் வார்ட்டிலை றெஜிஸ்ட்ராரா, அதாவது கொன்சல்டன்றுக்குக் கீழை வேலை செய்யிற டொக்டரா நிக்கிறன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸிலை கூடச் சிலது மாறும். கனடா, சுவிஸ் முழுக்க வேறை.

முதல்லை ஜிபி, அதாவது குடும்ப டொக்டர். இஞ்சை காய்ச்சலெண்டா காலமை ஓபிடியிலை துண்டு எடுத்து நிப்பம், பொறுக்க ஏலாட்டிப் பின்னேரம் சனல் பண்ணி நேரா ஸ்பெசலிஸ்ற்றிட்டையே போயிடுவம். அங்கை அந்த வழி இல்லை. குடும்ப டொக்டர்தான் வாசல், அவர் எழுதினாத்தான் ஆஸ்பத்திரிக் கிளினிக். ஆனபடியா போய் இறங்கின முதல் கிழமையே, ஒரு வருத்தமும் இல்லாட்டிலும், கிட்ட உள்ள ஜிபியிலை பதியுங்கோ. பதியிறதுக்கு விசாவோ, வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சியோ கட்டாயமில்லை. றிசெப்சனிலை இருக்கிற ஆள் "பில் ஒண்டு கொண்டு வாங்கோ" எண்டு திருப்பி அனுப்பினா, "என்எச்எஸ் விதிப்படி அது தேவையில்லைத்தானே" எண்டு மரியாதையாச் சொல்லுங்கோ (என்எச்எஸ் எண்டா அங்கத்தை அரசாங்கச் சுகாதார சேவை). கனபேர் இந்த ஒரு சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கிலை பதியாமல் இருக்கினம்.

காசைப் பற்றிக் கெதியாச் சொல்லுறன். நீண்டகால விசாவுக்குக் கட்டின சுகாதாரக் கட்டணம், பெரியாக்களுக்கு வருசம் 1,035 பவுண்ஸ், மாணவருக்கும் 18 வயசுக்குக் கீழை உள்ளவைக்கும் 776. அதைக் கட்டின ஆளுக்கு ஆஸ்பத்திரியிலை பில் வராது, ஆரையும் கெஞ்சத் தேவையுமில்லை. மருந்துக்கு மட்டும் ஒவ்வொண்டுக்கும் 9.90 பவுண்ஸ். ஆனா சீனி வருத்தத்துக்குக் குளுசையோ ஊசியோ போடுற ஆளுக்கு எல்லா மருந்தும் இலவசம். அதுக்கு ஜிபியிட்டை எஃப்பி92ஏ எண்ட படிவம் கேட்டு வாங்கி நிரப்ப வேணும், தானா வராது. எங்கடை ஆக்களிலை சீனி எவ்வளவு பேருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும். இது தெரியாமல் ஒவ்வொரு மாதமும் காசு கட்டிக்கொண்டிருக்கிற எத்தினை ஐயாமாரைக் கண்டிட்டன். தைரொயிட் சுரப்பு குறைஞ்சு குளுசை எடுக்கிற ஆக்களுக்கும் இது பொருந்தும்.

தொண்டை நோ, பிள்ளையளுக்குக் காதுக்குத்து, பெண்களுக்குச் சலக்கடுப்பு மாதிரி ஏழு வருத்தத்துக்கு 2024 ஜனவரி கடைசியிலை இருந்து பாமசிக்காரரே பாத்து, தேவையெண்டா அன்ரிபயோட்டிக்கும் தரலாம். எங்கை போறதெண்டு தெரியாட்டி 111க்குப் போன் எடுத்துக் கேளுங்கோ. நெஞ்சு இறுக்கம், ஒரு பக்க முகம் கோணுறது, மூச்சு விட ஏலாமை எண்டா யோசிக்காமல் 999க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. எமர்ஜென்சியிலை வரிசை வந்த ஒழுங்கிலை இல்லை, வருத்தத்தின்ரை கடுமையைப் பாத்துத்தான் கூப்பிடுவினம். பிறகு வந்தவன் முதல் போறான் எண்டு கோவிச்சுக்கொண்டு எழும்பி வீட்டை போயிடாதேங்கோ.

இதெல்லாம் வேறை இடத்திலையும் வாசிக்கலாம். நான் எழுத வெளிக்கிட்டது மற்றதுக்கு: கதைக்கிறதுக்கு.

இஞ்சை உங்கடை கிளினிக் கொப்பி உங்களுக்காகக் கதைக்கும். பத்து வருசம் கொன்சல்டன்ற் எழுதினதெல்லாம் அதுக்குள்ளை கிடக்கு. நீங்கள் நீட்டினாப் போதும். கேள்வி கேக்கிறதும் மரியாதைக் குறைவு எண்டு வளந்தனாங்கள். அங்கை வார்ட்டிலை பன்ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா டொக்டர் மாறுவார். ஊர்ப் பழைய விபரம் கொம்பியூட்டரிலை இல்லை. நீங்கள் சொல்லாட்டி உங்களைப் பற்றி அங்கை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது.

ஒரு இரவு நடந்தது, அடையாளங்களை மாத்தித்தான் சொல்லுறன். வடமராட்சி அம்மா ஒருத்தி வயித்தைப் பிடிச்சபடி படுத்திருக்கிறா. இளம் டொக்டர் பிள்ளை வயித்தை அமத்தி அமத்திப் பாக்குது. அம்மா "நோ... நோ..." எண்டு முனகிறா. அந்தப் பிள்ளை குறிப்பிலை "அமத்தேக்கை நோ இல்லை" எண்டு எழுதிப்போட்டுது. எங்கடை நோ அவைக்கு "இல்லை" எண்ட சொல். நான் போய்த் தமிழிலை கேட்டபிறகுதான் அண்டிரவே ஸ்கான் எடுத்தது.

போனிலை வாற தமிழ் மொழிபெயர்ப்பாளர் சில நேரம் தமிழ்நாட்டு ஆளாயிருப்பார். "சத்தி எடுத்தனான்" எண்டா அவருக்கு விளங்காது, "வாந்தி" எண்டு சொல்லுங்கோ. குளுசையை மாத்திரை எண்டும், நாரியை இடுப்பு எண்டும், தலையிடியைத் தலைவலி எண்டும் சொல்லுங்கோ. இது எங்கடை தமிழைக் குறைச்சு நினைச்சுச் சொல்லுறதில்லை. உங்கடை வருத்தம் நடுவிலை தொலையக் கூடாது, அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் இலவசம். அப்பொயின்ற்மென்ற் எடுக்கேக்கையே "தமிழ் ஆள் வேணும்" எண்டு பதிவிக்க வேணும்.

பேரப்பிள்ளையளை மொழிபெயர்க்க விடாதேங்கோ. என்ரை சித்தி அங்கை போன முதல் மாதம் நெஞ்சுக்குள்ளை பாரமா இருக்கெண்டு எமர்ஜென்சிக்குப் போனவ. எந்த ஆஸ்பத்திரி எண்டு எழுதேல்லை. "வாய்வு நிக்குது" எண்டு சித்தி சொல்ல, பன்ரெண்டு வயசுப் பேரன் "காஸ்" எண்டு சொல்லியிருக்கிறான். காஸுக்கு மருந்து குடுத்து வீட்டை விட்டிட்டினம். ரெண்டாம் நாள் அம்புலன்ஸ். அதுக்குப் பிறகுதான் ஹாட் அட்டாக் எண்டு தெரிஞ்சது. சித்தி தப்பிட்டா, ஆனா இண்டைக்கும் ஒரு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். அந்தப் பொடியன் பெரியாளாகியும் அதைத் தன்ரை பிழையெண்டு நினைச்சுக்கொண்டு திரியிறான். அதுதான் எனக்குக் கூடுதலா நோகிறது.

ஆனபடியா நெஞ்சிலை ஏதும் எண்டா "வாய்வு" எண்டு பேர் வையாதேங்கோ. எப்ப தொடங்கினது, இறுக்கமோ எரிவோ, கைக்கோ தாடைக்கோ போகுதோ, நடக்கேக்கை கூடுதோ, வேர்த்ததோ, இவ்வளவையும் சொல்லுங்கோ. பேர் வைக்கிறது டொக்டற்றை வேலை. 1847இலை யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயிலை இருந்த அமெரிக்க மிசனறி கிறீன் வைத்தியர் எங்கடை பொடியளுக்குத் தமிழிலை வைத்தியம் படிப்பிச்சவர், அதுக்கெண்டு புத்தகங்களையே தமிழாக்கினவர். வைத்தியத்தைத் தமிழிலை சொல்லலாம் எண்டு அண்டைக்கே காட்டின ஊர் எங்கடை. லண்டனிலை போய் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதுக்கு ஒரு நியாயமும் இல்லை.

அடுத்தது சொல்லக் கஷ்டமான விசயம். இஞ்சை "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்" எண்டு மகன்மார் வார்ட் வாசலிலை வந்து கையைப் பிடிப்பினம். தெல்லிப்பழைக்குக் கான்சர் மருந்துக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை கூட "சின்னக் கட்டி" எண்டுதான் சொல்லியிருப்பினம். நானும் அப்பிடி ஒளிச்சிருக்கிறன். அங்கை டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு நோயாளியோடைதான் இருப்பார். நோயாளி சம்மதிக்காமல் மகனோடை ஒரு சொல்லும் கதைக்கமாட்டார். "நான் மூத்த பிள்ளை, நான்தான் முடிவெடுக்கிறது" எண்டு சொன்னாலும் சட்டப்படி அது நிக்காது. கல் நெஞ்சுக்காரர் எண்டு கனபேர் அழுதிருக்கினம். அவையைக் குறை சொல்லேலாது. ஆனா இரண்டு பக்கமும் வேலை செய்தபிறகு எனக்கு ஒண்டு தெளிவு: அம்மாமாருக்குத் தெரியும். ஒளிக்கேக்கை தனியத் தாங்குகினம்.

அதே நேரம் "எனக்கு எல்லாம் தெரியவேண்டாம், என்ரை மகளோடை கதையுங்கோ" எண்டு அம்மாவே சொன்னா அதை எழுதி வைச்சு அதின்படி நடப்பினம். அதைச் சுகமா இருக்கேக்கை வீட்டிலை இருந்து ஒருக்காக் கதைச்சு வையுங்கோ.

வயசான ஆக்களை அட்மிற் பண்ணினா, இருதயம் நிண்டா நெஞ்சை அமத்தி உயிர்ப்பிக்க முயற்சிக்கிறேல்லை எண்ட தாளைப் பற்றிக் கதைப்பினம். "கைவிட்டிட்டினம்" எண்டு பதறாதேங்கோ. அந்த ஒரு விசயத்துக்கு மட்டும்தான் அந்தத் தாள். சேலைன், ஒட்சிசன், அன்ரிபயோட்டிக் எல்லாம் நடக்கும். ஏனெண்டு கேளுங்கோ. உடன்பாடில்லாட்டி இன்னொரு கொன்சல்டன்ற் பாக்க வேணுமெண்டு கேக்கலாம்.

எல்லாத்திலையும் முக்கியமா நான் நினைக்கிறது மார்த்தா விதி. மார்த்தா மில்ஸ் எண்ட 13 வயசுப் பிள்ளை, சைக்கிளாலை விழுந்து கணையத்திலை காயம், பிறகு கிருமி இரத்தத்திலை பரவி, 2021இலை செத்துப்போனா. பிள்ளை மோசமாகுது எண்டு தாய் தகப்பன் சொல்லச் சொல்ல ஆரும் எடுக்கேல்லை. அவை போராடினதாலை 2024இலை இருந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரியளிலை ஒரு விதி வந்திருக்கு: வார்ட்டிலை சொல்லியும் கவனிக்கேல்லை எண்டா, நோயாளியோ குடும்பமோ நேரா ஒரு நம்பருக்கு அடிச்சு வேறை அவசரக் குழுவைக் கூப்பிடலாம். சுவரிலை நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அட்மிற் ஆன உடனை அந்த நம்பரைப் போனிலை பதிஞ்சு வையுங்கோ. அடிச்சா டொக்டர் கோவிப்பார் எண்டு பயப்பிடாதேங்கோ. நானே அந்த டொக்டர், கோவிக்கமாட்டன். "அப்பா இண்டைக்கு வழமை மாதிரி இல்லை" எண்டு வீட்டு ஆள் சொல்லுறது, எந்த மெசினும் காட்டாத செய்தி.

என்னட்டைக் கேட்டவைக்குத் தனித்தனியா:

சின்னனோடை போற தங்கச்சி, ஊசி போட்ட புத்தகத்தைக் கைப்பையிலை கொண்டு போங்கோ, சூட்கேசுக்குள்ளை இல்லை. இஞ்சை 9 மாதத்திலை போட்ட எம்எம்ஆர் எண்ட சின்னமுத்து ஊசியை அங்கை கணக்கெடுக்கமாட்டினம், ஒரு வயசுக்குப் பிறகு போட்டது மட்டும்தான் எண்ணுவினம். திரும்பப் போடச் சொன்னா மறுக்காதேங்கோ. உங்களுக்கு விற்றமின் டி நாளுக்கு 10 மைக்ரோகிராம், எங்கடை தோல் நிறத்துக்கு வருசம் முழுக்க. சின்னனின்ரை அளவைப் பிள்ளையளைப் பாக்கிற நேர்ஸிட்டை (ஹெல்த் விசிற்றர்) கேளுங்கோ.

பிளாப், அதாவது வெளிநாட்டிலை படிச்ச டொக்டர்மார் அங்கை வேலை செய்ய எழுதுற சோதினை, எழுதப் போற தம்பி, முதல் பகுதியைக் கொழும்பிலையே எழுதலாம், ரெண்டாவது மன்செஸ்ரரிலை மட்டும்தான். ஆனா பாஸ் பண்ணின உடனை வேலை எண்டு நினைச்சுக் கடன் வாங்காதை. 2025 யூலையிலை வந்த அரசாங்கத்தின்ரை 10 ஆண்டுச் சுகாதாரத் திட்டத்திலையே பயிற்சி இடங்களுக்கு அந்த நாட்டிலை படிச்ச ஆக்களுக்கு முன்னுரிமை எண்டு எழுதியாச்சு. போட்டி கடுமை. கையிலை ஒரு வருசத்துக்குக் காசு இருந்தா முயற்சி செய். வேலை கிடைச்சா ஒண்டை மட்டும் ஞாபகம் வை: இஞ்சை இரவிலை கொன்சல்டன்றுக்குப் போன் எடுக்கப் பயந்து விடியும் மட்டும் சமாளிச்சனாங்கள். அங்கை எடுக்காதது தான் குற்றம். நேர்ஸ் உன்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா, "இந்த மருந்து அளவு பிழை" எண்டும் முகத்துக்கு நேரை சொல்லுவா. நன்றி சொல்லித் திருத்து. "மிஸ்" எண்டு பேருக்கு முன்னாலை எழுதியிருந்தா அது சேர்ஜரி கொன்சல்டன்றாயும் இருக்கலாம். நீ போறது சரியோ பிழையோ எண்டு கேட்டிருந்தாய். 2022இலை இஞ்சை மருந்து இல்லாமல் நிண்ட வார்ட்டை விட்டிட்டுப் போன நான் அதுக்குப் பதில் சொல்ல ஏலாது. இந்த லீவிலையும் பெரியாஸ்பத்திரி வாசலாலை போகேக்கை நெஞ்சு கனத்தது.

விசிற் விசாவிலை போற அம்மா, இது உங்களுக்கு. எமர்ஜென்சியிலை பாக்கிறது இலவசம், ஆனா வார்ட்டிலை அட்மிற் பண்ணினா உண்மையான செலவின்ரை ஒண்டரை மடங்கு பில் வரும். உயிருக்கு அவசரமெண்டா காசில்லை எண்டு ஒருத்தரும் திருப்ப மாட்டினம், ஆனா 500 பவுண்ஸுக்கு மேலை கட்டாமல் விட்டா அடுத்த விசாவுக்குப் பிரச்சினை. வெளிக்கிட முதல் பிரயாணக் காப்புறுதி எடுங்கோ. சீனியும் பிறசரும் இருக்கெண்டதை ஒளிக்காமல் எழுதுங்கோ, ஒளிச்சா அவை காசு தர மாட்டினம். கைதடிச் சித்த ஆஸ்பத்திரியிலை எடுக்கிற மருந்தையும் டொக்டருக்குச் சொல்லுங்கோ.

நேற்று அவவுக்கு ஒரு தாளிலை எழுதிக் குடுத்தனான். மேலை பேர், பிறந்த திகதி. அதுக்குக் கீழை குளுசையளின்ரை பேர், கொம்பனிப் பேர் இல்லை, பெட்டியிலை சின்ன எழுத்திலை இருக்கிற மருந்துப் பேர்: மெற்ஃபோமின் 500 மில்லிகிராம் காலமையும் பின்னேரமும், லொசாற்றன் 50 இரவு. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, போட்டாத் தடிப்புப் போடும். 2016இலை பித்தப்பை எடுத்தது. மகன்ரை போன் நம்பர். கடைசி வரியிலை ஆங்கிலத்திலை: "நான் தமிழ் கதைக்கிறனான், எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேணும்." நாலாய் மடிச்சுப் பாஸ்போட்டுக்குள்ளை வைச்சிருக்கிறா.